பதினாலாயிரம் அடியில் இருபத்தோரு முழுக்கு

ஜீப்பில் நெடுந்தூரம் போகிறவர்கள் உட்கார ஒரு தலையணை எடுத்துக்கொள்வது நல்லது. புதுசு வேண்டாம். இலவம்பஞ்சு அடைத்து, நடுவில் பள்ளம் விழுந்த பழைய தலையணையாக இருந்தால் உத்தமம். முப்பத்தெட்டு வருஷமாக இதை எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். நடுவில் எதற்குப் பள்ளம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள்தான் முதல் ஆளாகக் கேட்டீர்கள். அதற்காகவே உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வீரராகவன். வயது எழுபத்தாறு. ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. வெறுமனே வீரராகவன் என்று விசாரித்தால் கண்டுபிடிக்க முடியாது, அந்தப் பெயரில் வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஜீப் வீரராகவன் என்று கேட்டால் பூக்கடைக்காரர் கடையைப் போட்டுவிட்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்.

அந்தப் பட்டம் 1987இல் வந்தது. அந்த வருஷம் எனக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்தது. வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி. பத்தொன்பது நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து வீதியில் காலை அகட்டி வைத்து நடந்தபோது எதிர் வீட்டுக்காரர், "என்ன ஓய், ஆளையே காணோம், நடை வேற ஒரு தினுசா இருக்கே?" என்றார். அவர் கையில் அப்போது ஒரு மாதக் காலண்டர் இருந்தது. மேலே இருந்த படத்தில் சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் நீலமாக ஒரு ஏரி. "ஜீப்ல போயிட்டு வந்தேன். இந்த ஏரிக்குத்தான்" என்றேன்.

நான் சொன்ன பொய் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கேட்டவர்களுடைய கேள்விகளுக்கு நான் மரியாதைக்குச் சொன்ன பதில்.

எவ்வளவு உயரம் என்றார்கள். பதினாலாயிரம் அடி என்றேன். தண்ணீர் எப்படி என்றார்கள். உப்புக் கரிக்கும், தொட்டால் சுடுகிற மாதிரி குளிரும் என்றேன். பல வருஷம் கழித்து, அந்த மாதிரி மலை ஏரிகளில் பல நிஜமாகவே உப்புத்தான் என்று பேப்பரில் படித்தபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. கண் கூசாதா என்றார்கள். பனி வெளிச்சத்தில் கண்ணே போய்விடும், கிளம்பும்போதே மூன்று மடிப்புத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், ஏரிக்குப் போனபின் இரண்டு இமைப்பொழுது அவிழ்த்துப் பார்க்கலாம், அதற்கு மேல் கூடாது என்றேன். இந்த விதி எனக்கு ரொம்ப உபயோகப்பட்டது. வழியில் என்ன பார்த்தீர், கரையில் என்ன இருந்தது என்று யாராவது துருவினால் சொல்ல வேண்டியதே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போனவனிடம் என்ன கேட்க முடியும்?

என் மனைவி அரவிந்தவல்லிக்கு மட்டும் உண்மை தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்து வந்தவள் அவள்தானே. அந்தத் தலையணைக்குப் பள்ளம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

இனி மருதை. உங்கள் பைலில் 'இறந்தவர்' என்று போட்டிருக்கிறீர்கள். நான் மருதை என்றே சொல்கிறேன்.

மருதைக்கு முசிறி. வாழைத்தார் வியாபாரம். வயது அறுபத்தொன்பது. ஏழு வருஷம் முன்னால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மனைவி ரெங்கம்மாளோடு மகள் கலைமதி வீட்டுக்கு ஸ்ரீரங்கம் வந்தவர். அம்மா மண்டபம் ரோட்டில் காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் டீ குடிப்போம். புருஷனும் பெண்டாட்டியும் படித்துறையில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு அங்கே வந்து நிற்பார்கள். மற்றவர்களெல்லாம் என் ஏரியைப் பத்து தடவை கேட்டுக் களைத்துப்போனவர்கள். இவர்கள் இரண்டு பேரும் புதுசு. அதிலும் ரெங்கம்மாள், "அப்புறம் சாமி?" என்று கேட்கிற அழகில் ஒரு ஏரியை ஏழு ஏரியாக்கிவிடலாம் போல இருக்கும். ஆனால் நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கும் ஒரு வரைமுறை உண்டு.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இந்தக் காவிரிக்கரை ஆட்களுக்கு ஒரு பழக்கம். தண்ணீரைக் கண்டால் தலை நனையாமல் நகர மாட்டார்கள். வர முடியாமல் வீட்டில் கிடக்கிறவர்களுக்காக, பெயரைச் சொல்லி ஆளுக்கு ஒரு முழுக்கும் போடுவார்கள். வீட்டில் கிடப்பவர் வந்து குளித்த மாதிரி. போன வருஷம் ரெங்கம்மாள் படுத்த படுக்கையானபோது மருதை தினமும் இரண்டு முழுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வாரத்தில் அந்த அம்மாள் சொன்னாளாம்: "காவிரி போதுங்க. சாமி சொன்னாரே உப்பு ஏரி, அதுல எனக்கு ஒரு முழுக்குப் போடுங்க." இவரும் சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டார்.

இந்தச் சித்திரையில் வருஷத் திவசம் முடிந்தது. மறுநாள் காலையில் டீக்கடையில் வந்து நின்றார்.

"சாமி, கிளம்புவோமா?"

"எங்கே?"

"என்ன சாமி இப்படிக் கேக்குறீங்க. ஏரிக்குத்தான்."

அவரைக் கூட்டி வந்த பேத்தி வைஷ்ணவி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே செல்போனைக் காட்டினாள். காலேஜில் படிக்கிற பெண். "தாத்தா, நெட்டுல பாத்துட்டேன். எம்பத்தேழுல இந்தச் சாமித் தாத்தா போனேன்னு சொல்ற பக்கம் ரோடே கிடையாது."

"ரோடு இருந்தா எதுக்குடி ஜீப்பு?" என்றார் மருதை.

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மருதைக்கு இருதயத்தில் வால்வு பழுது. உயரமான இடமும் ஆகாது, குளிரும் ஆகாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். நான் அதை எடுத்துச் சொன்னேன். "செத்தா சாவுறேன் சாமி. நீங்க வரலன்னா பரவால்ல. டூர்க்காரன் ஒருத்தன்கிட்ட பேசிட்டேன், ஆனி பொறந்ததும் நான் தனியாப் போயிட்டு வந்துடுறேன்" என்றார்.

நான் நாலு நாள் யோசித்தேன். அங்கே போனால் உயிரோடு திரும்ப மாட்டார் என்பது டாக்டருடைய கவலை. ஒருவேளை திரும்பிவிட்டால் என்பது என்னுடைய கவலை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அரவிந்தவல்லியும் அதைத்தான் கேட்டாள். பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டே, "ஏன்னா, போயி அவர்கிட்ட சொல்லிடுங்கோ. மூலம்னு சொன்னா யாரும் சிரிக்கமாட்டா" என்றாள். மூலத்துக்குச் சிரிக்கமாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் ஜீப்பை எடுத்துவிட்டால் அப்புறம் வீரராகவன் என்று என்ன மிச்சம் இருக்கிறது? முப்பத்தொரு வருஷம் பார்சலுக்கு ரசீது எழுதினவன். அவ்வளவுதான். "எந்த மலைக்குன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றாள். "மருதையோட மலைக்குன்னு சொல்லு" என்றேன். அவள் ஊறுகாய் வைக்க மறந்துவிட்டாள். கோபம் வந்தால் அப்படித்தான்.

ஆக, அவரை உயரமே இல்லாத ஒரு மலைக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். டாக்டர் கூடாது என்றது இரண்டு. அதில் உயரத்தை முழுவதுமாகத் தவிர்த்துவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜீப்பு காத்தானுடையது, ஓட்டினதும் அவன்தான். வாழைத்தார் ஏற்றுவதற்கும், எலக்‌ஷன் வந்தால் மைக் கட்டுவதற்கும் வைத்திருக்கிறான். அதில் சமதரையில் நூறு அடி போனாலே மலையேறின மாதிரி இருக்கும். மருதை வீட்டில், ஏரி யோசனையை விட்டாயிற்று, வெறும் கோவில் யாத்திரைதான் என்று சொன்னோம். மலை என்று சொன்னால் கலைமதி விடமாட்டாள் என்று மருதையே அதற்கு ஒத்துக்கொண்டார். "ஒம்போது நாள் போகணும்னு சொல்வீங்களே சாமி?" என்று மட்டும் கேட்டார். இப்போது பைபாஸ் போட்டுவிட்டார்கள், மூன்று நாள்தான் என்றேன். சந்தோஷப்பட்டார்.

கண்ணைக் கட்டத் துணி அவரே கொண்டுவந்திருந்தார். ரெங்கம்மாளுடைய சுங்குடிச் சேலையில் கிழித்தது. என் பழைய விதிப்படி மூன்று மடிப்பு. கட்டிக்கொண்டு, "சாமி, இப்பவே குளுருற மாதிரி இருக்கு" என்றார். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்து எட்டாம் நாள். காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாள் ஜங்ஷன் பக்கத்து மேம்பாலத்தில் ஏறினோம். குத்துமதிப்பாக முப்பது அடி உயரம் இருக்கும். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, திரும்பி வந்து மறுபடி ஏறினோம். சாயங்காலத்துக்குள் நூறு தடவை. மூவாயிரம் அடி. இறங்கினதைக் கழிக்க வேண்டாமா என்று காத்தான் என் காதில் கேட்டான். நிஜ மலைக்குப் போகிறவர்களும் வழியில் இறங்கத்தான் செய்கிறார்கள், அதை யாரும் கழித்துச் சொல்வதில்லை என்றேன். அவன் வெறுமனே கியர் போட்டான்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதெல்லாம் கண்டக்டர்கள் "முசிறி, முசிறி, முசிறி" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மருதை காதைத் தீட்டிக்கொண்டார்.

"சாமி, எங்க ஊர் பேரு கேக்குதே."

"உயரம் ஏறினா அப்படித்தான் மருதை. மூளைக்குக் காத்து கொறையும். அவாவா ஊர் பேரு காதுல கேக்கும்."

"உங்களுக்கு எது கேக்குது?"

"ஸ்ரீரங்கம்" என்றேன். அதுவும் பொய்யில்லை. பின்னால் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது.

ராத்திரி ஆளில்லாத ஒரு செங்கல் சூளைக் கொட்டகையில் தங்கினோம், மருதை கண்கட்டோடேயே தூங்கினார். இரண்டாம் நாள் திருவெள்ளறைக்கு அந்தப் பக்கம் கைவிட்ட ஒரு கல் குவாரி. அடியிலிருந்து மேலே வர நூற்றைம்பது அடி. அறுபது தடவை. ஒன்பதாயிரம். ரோட்டோரம் ஒரே டீக்கடைதான் இருந்தது, நாலு தடவை அங்கேயே நிறுத்தும்படி ஆயிற்று. கடைக்காரப் பெண் ஆஃப்ரின், நாலாம் தடவை டம்ளரை நீட்டும்போது, "என்ன தாத்தா, வழி தப்பிட்டீங்களா? காலையிலேருந்து இங்கயே சுத்துறீங்க" என்றாள்.

மருதை ஜீப்பில் இருந்தபடியே கேட்டார்: "அந்தப் புள்ள கொரல் முன்னாடி கேட்ட மாதிரியே இருக்கே சாமி."

"மலை ஜனங்க எல்லாருக்கும் ஒரே சாயல். கொரல்லகூட."

"டீயும் ஒரே சாயல்தான்" என்றார். தானாகச் சிரித்துக்கொண்டார். என்ன நினைத்துச் சிரித்தார் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் டவுனுக்குத் திரும்பியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. அப்போது ஜீப் தில்லைநகரில் போய்க்கொண்டிருந்தது. உங்களுக்கே தெரியும், அங்கே திரும்பின பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி. காத்தான் ஒன்றின் வாசலில் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குள் போனால் கண்கட்டை முதலில் அவிழ்ப்பார்கள். எதிரே தமிழில் போர்டு இருக்கும். பன்னிரண்டாயிரம் அடி ஏறியாகிவிட்டது, இன்னும் இரண்டாயிரம்தான் பாக்கி. அந்த நிலையில் அவர் மனசை உடைப்பது நியாயமாகப் படவில்லை. ஒரு கட்டி கற்பூரத்தை மூக்கில் காட்டினேன். உயரத்துக்கு அதுதான் மருந்து என்று 1987லேயே சொல்லியிருக்கிறேன். கால் மணியில் சரியாகிவிட்டது. காத்தான் மட்டும் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில், பாக்கி இரண்டாயிரம் அடியை ஒரு ரயில்வே மேம்பாலத்தில் முடித்தோம். அறுபத்தேழு தடவை. கூட்டிப் பாருங்கள், பத்து அடி அதிகமாகவே வரும். நண்பகலுக்கு, திருச்சி ஓரத்திலேயே இருக்கிற காட்டூர் போய்ச் சேர்ந்தோம்.

ஏரி ஏற்பாடு செய்தது எப்படி என்று கேட்டீர்கள். காட்டூர் தாண்டி ஒரு சந்துக்குள் ஐஸ் ஃபாக்டரி இருக்கிறது. அங்கே மெஷின் பார்க்கிற சகாயநாதன் நான் பார்சல் ஆபீஸில் இருந்த காலத்திலிருந்து பழக்கம். அப்போது அவர் மீன் கூடை அனுப்ப வருவார். இப்போது கடலில் மீன்பிடித் தடைக்காலம், ஐஸுக்குக் கிராக்கி இல்லை. உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பாதி டின்களை ஓட்டை அடைக்க வெளியே எடுத்துப் போட்டிருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உப்புக் கலந்த தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அதில்தான் டின்களை இறக்கி ஐஸ் கட்டுவார்கள். டின்களை எடுத்துவிட்டால் மார்பளவு ஆழத்துக்கு ஒரு குளம். "நண்பர் ஒருத்தர் காலை நனைச்சுட்டுப் போயிடுவார்" என்றுதான் சகாயநாதனிடம் சொல்லியிருந்தேன். என் திட்டமும் அதுதான். கால் நனையும், சில்லென்று இருக்கும், உப்பு ஒரு சொட்டு நாக்கில் வைப்பேன், திரும்பி வந்துவிடுவோம். கடைசியில் கரைமேல் உட்காரவைத்துக் கண்கட்டை அவிழ்ப்பதற்குப் பதில், மேகம் மூடிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன்.

இரும்புக் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த குளிரில் எனக்கே பல் கிட்டியது. மருதை நின்றுவிட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அம்மா. ரொம்ப நேரம் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தார். "ரெங்கம்மா, வந்துட்டோம்டி" என்றார், மெதுவாக.

பலகை மேல் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காலை நனைக்கச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கால் நனைச்சாப் போறும் மருதை. இங்கே அதான் வழக்கம்."

"தலை நனையாம தண்ணிய விட்டு எப்படி சாமி வர்றது?"

இதை நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்தவன், காவிரிக்கரை ஆளைத் தண்ணீர்ப் பக்கம் கூட்டி வருகிறோம் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். என் தரப்பில் தவறு என்று ஒன்று இருந்தால் அதுதான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். முதல் முழுக்கு ரெங்கம்மாளுக்கு. எழுந்து வாயைத் துடைத்தார். "சாமி, நீங்க சொன்ன மாதிரியே உப்புக் கரிக்குது" என்றார். அந்தக் குரலில் இருந்த மதிப்பை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். பார்சல் ஆபீஸில் எனக்கு அது கிடைத்ததில்லை.

பிறகு அவரே சொன்னார், மனசில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாராம். இருபத்தோரு பெயர். மகள் கலைமதிக்கு ஒன்று, மருமகன் முருகானந்தத்துக்கு ஒன்று, துபாயில் இருக்கிற பேரன் சரத்குமாருக்கு ஒன்று, வைஷ்ணவிக்கு ஒன்று. வரப்புச் சண்டையில் இருபது வருஷம் பேசாத பங்காளிக்கு ஒன்று. வால்வு பார்த்த டாக்டருக்கு ஒன்று. முசிறியில் செத்துப்போன இரண்டு காளைகளுக்குத் தனித்தனியாக. தனக்கு வேண்டாம், தான்தான் நேரிலேயே குளிக்கிறோமே என்றார்.

எட்டாவது முழுக்கில் உதடு நீலமாகிவிட்டது. சகாயநாதன் அப்போதுதான் மெஷின் ரூமிலிருந்து வந்து பார்த்தார். "யோவ், அது மைனஸ்ல இருக்குய்யா. ஏத்துய்யா அந்த ஆள மேல" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரு சாமி அது?" என்றார் மருதை, பல் அடித்துக்கொண்டே.

"இந்த ஊர்க்காரர். மலை பாஷை."

"தமிழ் மாதிரியே இருக்கு."

"இந்த உயரத்துல எல்லா பாஷையும் தமிழாத்தான் கேக்கும்."

சகாயநாதன் தொட்டிக்குள் இறங்கப் போனார். நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எனக்கு வயதானாலும், பார்சல் தூக்கின கை. "இன்னும் பதிமூணு பேர் பாக்கி" என்றேன். பாதியில் நிறுத்தினால் யாரை விடுவது? சொல்லுங்கள். பன்னிரண்டாவது ஆளுக்குப் போட்டுவிட்டுப் பதிமூன்றாவது ஆளை விட்டால் அந்த மனஸ்தாபத்துக்கு யார் பொறுப்பு?

ஆமாம், ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். "மருதை, இது காட்டூர்" என்றால் போதும். மூன்றே சொல். வாய் வரை வந்தது. அந்த நேரத்தில் பதினைந்தாவது முழுக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, "எவ்வளவு பெரிய ஏரி சாமி, அலையடிக்கிற சத்தம் கேக்குது" என்றார். தொட்டியைக் கலக்குகிற விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இருபதாவது முழுக்கு முடிந்து அவர் எழுந்திருக்க நேரமாயிற்று. தொட்டி விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலைக்குப் பின்னால் முடிச்சை அவிழ்த்தார். நான் தடுக்கவில்லை. விதி என்னுடையதுதானே. இரண்டு இமைப்பொழுது பார்க்கலாம்.

பார்த்தார். அம்மா, இரண்டு இமைப்பொழுதுக்கு மேலேயே பார்த்தார். மேலே டியூப் லைட்டைப் பார்த்தார். பனி பூத்த குழாய்களைப் பார்த்தார். சுவரில் சிவப்பு பெயிண்டில் 'ஐஸ் விற்பனை நேரம் காலை ஐந்து மணி முதல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். லுங்கியோடு நின்ற சகாயநாதனையும், அவர் கைகளைப் பிடித்திருந்த என் கைகளையும் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று என்னால் சொல்ல முடியாது.

"சாமி," என்றார். "அப்படியே நீங்க சொன்ன மாதிரியே இருக்கு."

இதைச் சகாயநாதனும் கேட்டார், விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சேலைத் துணியை மறுபடி கண்ணில் வைத்து, தானே முடிச்சுப் போட்டுக்கொண்டார். விரல் விறைத்திருந்ததால் இரண்டு மூன்று தடவை முயன்றார்.

"இது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் காத்திருந்தேன். மற்றவர்களைவிட என் மேல் மரியாதை அதிகம், அதனால் கொஞ்சம் நீளமான முழுக்காகப் போடுகிறார் என்று நினைத்தேன். சகாயநாதன் என் கையை உதறிவிட்டுக் குதித்து அவரைத் தூக்கியபோது முடிந்துவிட்டது. காத்தான் வாசலில் ஜீப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வெளியே நாற்பத்தோரு டிகிரி. மே மாதம் திருச்சியில் ஒரு ஆள் குளிரில் செத்தார் என்றால் எந்தக் கோர்ட்டில் நம்புவார்கள் என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். திருச்சியில் அப்படி நடக்காது.

கலைமதி ஸ்டேஷன் வாசலில் நிற்பதாகச் சொன்னார்கள். பேத்தியும் வந்திருக்கிறாளாம். அந்தப் பெண்ணிடம் ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். அவள் தாத்தா ஏரியைக் கண்ணால் பார்த்துவிட்டு, நான் சொன்ன மாதிரியே இருப்பதாக அவர் வாயாலேயே சொன்னார். மருதை ஒருநாளும் பொய் சொல்கிற ஆள் இல்லை. தார் எண்ணும்போதுகூட ஒரு சீப்பு கூட்டிச் சொல்லமாட்டார் என்று முசிறியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் சாகிற நேரத்தில் ஏன் பொய் சொல்லப் போகிறார்?

நீங்கள் எழுதினதை வாசித்துப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. தெரிந்தே சாகவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. காப்பாற்ற வந்தவரைத் தடுத்தேன் என்பதும் சரி. கொன்றேன் என்று ஒரே வார்த்தையில் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பேனாவைக் கொடுங்கள், போடுகிறேன். அதற்கு முன்னால், 'சம்பவம் நடந்த இடம்' என்ற வரியில் காட்டூர், ஐஸ் ஃபாக்டரி என்று தப்பாக விழுந்திருக்கிறது. அதை மட்டும் அடித்துவிட்டு, ஏரி, பதினாலாயிரத்துப் பத்து அடி என்று திருத்திவிடுங்கள்.